சாமுராய்க்கு எதற்கு முகப்புள்ளி?

கேள்வி: அனிமே தொடர்களில் தொடக்கப் பாடல் வந்ததும் 'ஸ்கிப்' பொத்தானை அழுத்திவிடுகிறேன். ஜப்பானிய ராக் குழுக்கள் பாடும் இந்தப் பாடல்களுக்கும் கதைக்கும் பெரும்பாலும் ஒட்டே இருப்பதில்லை. இசைத்தட்டு விற்பதற்கான விளம்பரம்தானே இது?
– கல்லூரி மாணவர் ஒருவர், திண்டுக்கல்.

பதில்: விளம்பரம்தான். அதை யாரும் ஒளித்து வைக்கவில்லை. ஜப்பானில் 'டை-அப்' என்று அதற்குப் பெயரே உண்டு. நீங்கள் கேட்டதற்கு விடை இத்துடன் முடிந்தது. ஆனால் போகிற போக்கில் 'ஒட்டே இருப்பதில்லை' என்று ஒரு குற்றச்சாட்டை வீசியிருக்கிறீர்களே, அதை நான் விடுவதாக இல்லை. இதே பக்கங்களில் முன்பு பத்தி எழுதிவந்த நண்பர் ஒருவர், பாட்டு என்றால் கதையின் வயிற்றில் பிறந்திருக்க வேண்டும் என்று என்னோடு மல்லுக்கு நின்று பல இதழ்களைத் தின்று தீர்த்தார். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டாலும் அவருடைய கட்சி திண்டுக்கல்லில் கிளை திறந்திருப்பது உங்கள் கடிதத்தால் தெரிகிறது.

கதையோடு முழுக்க ஒட்டிய பாட்டு எப்படி இருக்கும் என்பதற்கு 1972-இல் வந்த 'மாசிங்கர் இசட்' தொடரின் பாடலே சான்று. மிசுகி இச்சிரோ அடித்தொண்டையிலிருந்து முழங்கும் அந்தப் பாட்டு, இயந்திர வீரனின் பெயரைச் சொல்கிறது. பறந்துபோய்த் தாக்கும் அவனுடைய முஷ்டியின் பெயரையும், மார்பிலிருந்து கிளம்பும் தீயின் பெயரையும் சொல்கிறது. எனக்கு அந்தப் பாட்டு மிகவும் பிடிக்கும். இருந்தாலும் அடுத்த நிமிடத்தில் திரையில் காணப்போகும் ஆயுதங்களுக்கு முன்கூட்டியே பட்டியல் வாசிப்பதைத் தாண்டி அது வேறொன்றும் செய்வதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி ஒட்டாத பாட்டுக்கு வருவோம். 1996-இல் தொடங்கிய 'ருரோனி கென்ஷின்' தொடரின் கதை நடப்பது மெய்ஜி காலத்தில், 1878-இல். கொலைத்தொழிலைக் கைவிட்ட ஒரு வாள்வீரன், இனி எவர் உயிரையும் எடுப்பதில்லை என்ற உறுதியோடு, வெட்டும் விளிம்பு தன் பக்கமாகத் திரும்பிய வாளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகத் திரிகிறான். இவ்வளவு கனத்த கதையைத் திறந்து வைக்கும் பாட்டு, ஜூடி அண்ட் மேரி என்ற ராக் குழு பாடிய 'சோபாகாசு'. அதில் ஒரு பெண் தன் முகத்தில் சிதறிக்கிடக்கும், தனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழுப்புப் புள்ளிகளைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். தன் காதல் சர்க்கரைக் கட்டியோடு சேர்ந்து கரைந்துபோயிற்று என்கிறாள். வாள் இல்லை, மெய்ஜி இல்லை, பாவமன்னிப்பும் இல்லை. நண்பரிடம் இதை முதன்முதலில் சொன்னபோது அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். நான் பொறுமையாக விளக்கினேன்: கதாநாயகனின் இடது கன்னத்தில் சிலுவைக் குறி போல ஒரு வடு இருக்கிறது, பாட்டுக்காரியின் கன்னத்தில் புள்ளி இருக்கிறது, ஆகவே கன்னம் பொதுவானது. அவர் இதை மெய்யாகவே என் வாதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த இதழில் மூன்று பத்தி மறுப்பு எழுதினார். நானும் விடாமல், ஆடவர் கன்னத்து வடுவுக்கும் மகளிர் கன்னத்துப் புள்ளிக்கும் திணை வேறுபாடு காட்டி ஒரு குறிப்பு எழுதினேன். அதற்கும் அவர் மறுப்பு அனுப்பினார்.

வேடிக்கை போகட்டும். குழுவின் பாடகி யூகி எழுதிப் பாடிய அந்தப் பாட்டு ஒரிகான் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. கென்ஷினை நினைத்தால் அந்தப் பாட்டும், பாட்டைக் கேட்டால் கென்ஷினும் நினைவுக்கு வருகிற அளவுக்கு இரண்டும் இறுகிப்போயின. காரணம் எளிது. கதையைச் சொல்லும் பொறுப்பு பாட்டுக்கு இல்லாததால், கதையில் வாய்விட்டுச் சொல்லப்படாத இளமையையும் துள்ளலையும் அது தாராளமாகக் கொண்டுவந்து கொட்டியது. தொடரின் தயாரிப்பில் சோனி குழுமத்தின் கை இருந்தது, குழுவும் சோனியின் இசை நிறுவனத்தைச் சேர்ந்தது என்பதால்தான் இந்தத் திருமணமே நடந்தது. பெரியவர்கள் பார்த்துப் பணத்துக்காக முடித்து வைத்த திருமணங்களும் சில வேளைகளில் நன்றாக அமைந்துவிடுகின்றன.

எப்போதும் அப்படி அமைவதில்லை. அதே தொடரின் முடிவுப் பாடல்களில் ஒன்றாக லார்க்-ஆன்-சியெல் குழுவின் 'த ஃபோர்த் அவென்யூ கஃபே' வந்தது. குழுவின் டிரம்ஸ் வாசிப்பாளர் 1997-இல் போதைப்பொருள் வழக்கில் கைதானதும் ஒருசில அத்தியாயங்களோடு அதை எடுத்துவிட்டார்கள். 2003-இல் தொடங்கிய 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்' 51 அத்தியாயங்களுக்குள் நான்கு தொடக்கப் பாடல்களை மாற்றியது. ஒரு பாட்டு காதில் படிந்து வரும் நேரத்தில் அடுத்த குழுவின் தட்டை விற்றாக வேண்டும் என்று அவசரப்படும் வணிகத்தின் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அந்த நான்காவது பாடல் ஏஷியன் குங்-ஃபூ ஜெனரேஷன் குழுவின் 'ரீரைட்' என்பதால் என் கோபம் பாதியில் நின்றுவிடுகிறது.

இந்தக் குழுவை வைத்தே மிச்சத்தையும் சொல்லிவிடலாம். நிஞ்ஜாச் சிறுவன் ஒருவனின் கதையான 'நருட்டோ' தொடரின் இரண்டாம் தொடக்கப் பாடலான 'ஹருகா கனாத்தா', 2002-இல் வெளிவந்த இவர்களுடைய குறுந்தட்டில் இருந்தது. தொடருக்கு அது வந்து சேர்ந்தது அடுத்த ஆண்டில். பேஸ் கிட்டார் தடதடவென்று முன்னால் ஓட, அதைப் பிடிக்க மற்றக் கருவிகள் பின்னால் பாய்வது போல அது தொடங்குகிறது. பாட்டின் முதல் வரி ஆக்சிலரேட்டரை மிதிப்பதைப் பற்றியது. நிஞ்ஜாக்கள் மரத்துக்கு மரம் தாவித் திரியும் அந்தக் கிராமத்தில் ஒரு காரைக்கூட நான் பார்த்ததில்லை. இருந்தும் அந்தப் பையனின் ஓட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான வரியை எவராலும் எழுதியிருக்க முடியாது. ஒன்றரை நிமிடத்துக்குள் அடங்குமாறு பாட்டைக் கத்தரித்து, ஜப்பானிய இசைக்காரர்கள் 'ஏ-மெலோ', 'பி-மெலோ', 'சாபி' என்று சொல்லும் மூன்று படிகளையும் ஏறவைத்து, 'சாபி' என்ற பல்லவி வெடிக்கும் நொடியில் கதாநாயகன் பாயும் படத்தை வைத்துப் பொருத்துகிறார்கள் அல்லவா, நீங்கள் கேட்கிற ஒட்டு அங்கேதான் போடப்படுகிறது. நீங்கள் தாண்டிப் போவதும் அதைத்தான்.

2004-இல் தட்டில் வந்த 'ரீ:ரீ:' என்ற இவர்களுடைய பாட்டு, 12 ஆண்டுகள் கழித்து 2016-இல் 'எரேஸ்ட்' என்ற தொடரின் தொடக்கப் பாடலானது. தாயின் கொலையைத் தடுப்பதற்காக 2006-இலிருந்து 1988-க்குப் பின்னோக்கிச் சென்று மீண்டும் பள்ளிச் சிறுவனாகும் ஒருவனின் கதை அது. அந்தக் கதைக்காகவே எழுதிய பாட்டு என்று என் நண்பரே சத்தியம் செய்தார். ஆண்டைச் சொன்னதும் பேச்சை மாற்றினார்.

முடிவுப் பாடல்களின் கதி இன்னும் மோசம். 1987-இல் 'சிட்டி ஹண்டர்' தொடருக்கு டிஎம் நெட்வொர்க் பாடிய 'கெட் வைல்ட்', கடைசிக் காட்சி முடியும் முன்பே உரையாடலின் அடியில் மெல்லத் தொடங்கிவிடும். படம் உறைந்து எழுத்துப் போடும்போது பாட்டு முழு வேகத்தில் எழும். இன்றைய ஓடிடி நிறுவனங்களோ எழுத்துப் போடத் தொடங்கியதும் படத்தை ஒரு மூலையில் சுருக்கி, அடுத்த அத்தியாயத்துக்கு ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணத் தொடங்கிவிடுகின்றன. விருந்தாளி கை கழுவுவதற்குள் இலையை எடுக்கும் இந்தப் பழக்கத்தை எவர் கண்டுபிடித்தாரோ, அவரோடு எனக்குத் தனியாக வழக்கு இருக்கிறது.

2022-இல் வந்த 'போச்சி த ராக்!' தொடரையாவது முழுதாகப் பாருங்கள். பெண்கள் நால்வர் ராக் குழு நடத்தும் கதை. நால்வரின் குடும்பப் பெயர்களும் ஏஷியன் குங்-ஃபூ ஜெனரேஷன் குழுவினருடைய கோதோ, கிட்டா, யமாதா, இஜிச்சி என்ற பெயர்கள்தாம், அத்தியாயத் தலைப்புகளும் அவர்களுடைய பாட்டுகளிலிருந்து வந்தவை. கதாநாயகி கிட்டார் வாசிப்பவள். ஆட்கள் முகத்தைப் பார்க்கக் கூசி, முதல் மேடையில் மாம்பழ அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு வாசிக்கிறாள். குழுவின் பாட்டுகளைப் பாடுபவள் வேறொருத்தி. 12-ஆம் அத்தியாயத்தின் முடிவில், எழுத்துப் போடும்போது, அந்த மூத்த குழுவின் பாட்டு ஒன்றை இந்தக் கூச்சக்காரியின் குரலே பாடுகிறது.