மனைவிக்கு மறதி நோய், வீடு அவர் பெயரில்: உயில் எழுத வேண்டியது யார்?

கேள்வி: எனக்கு 72 வயது. மாநில அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். மாதம் 35,000 ரூபாய் பென்ஷன் வருகிறது. மனைவிக்கு 68. திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் குடியிருக்கும் வீடு அவர் பெயரில் இருக்கிறது. 1996-ல் என் சம்பளத்தில் வாங்கியது. அவர் பெயரில் மட்டும் வங்கியில் 9 லட்சம் டெபாசிட். என் பெயரில் 14 லட்சமும், பாகூர் பக்கம் ஒரு மனையும் உண்டு. போன மாதம் புதுச்சேரியில் பார்த்த டாக்டர், மனைவிக்கு டிமென்ஷியா ஆரம்ப நிலை என்றார். மகன் பெங்களூரில், மகள் பண்ருட்டியில். 'அம்மாவிடம் பவர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அது போதும்' என்கிறான் மகன். அவரை உயில் எழுத வைக்கலாமா, காலம் கடந்துவிட்டதா?

பதில்: ஐயா, காலம் கடக்கவில்லை. ஆனால் இதை தீபாவளிக்கு, பொங்கலுக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

டாக்டர் சீட்டில் டிமென்ஷியா என்று எழுதிவிட்டதாலேயே ஒருவர் கையெழுத்துப் போடும் தகுதியை இழந்துவிடுவதில்லை. எழுதும் நேரத்தில் தன் சொத்து எது, யாருக்குக் கொடுக்கிறோம், கொடுத்தால் என்ன ஆகும் என்பது அம்மாவுக்குப் புரிய வேண்டும். புரிந்தது என்பதற்குப் பின்னால் சாட்சியும் வேண்டும். அதனால் எந்தப் பத்திரமாக இருந்தாலும், அதே வாரத்தில் டாக்டரிடம் மனத்தெளிவுச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மகன் சொல்லும் பவர் பத்திரம், அதாவது அம்மாவுக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்துப் போட அவர் தரும் அதிகாரம், உங்களைக் கடைசிவரை காப்பாற்றாது. கொடுத்தவர் மனத்தெளிவு இழந்தால் பவரும் முடிந்துவிடும். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எந்த நாளுக்காக வாங்கி வைக்கிறீர்களோ, அந்த நாளில் அது செல்லாது. அதற்குப் பிறகு அவர் சொத்தை விற்கவோ பணத்தை எடுக்கவோ கார்டியனாக நியமிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில், அம்மா பெயரில் மட்டும் இருந்த டெபாசிட்டை அவர் வைத்தியத்துக்கே எடுக்க முடியாமல் பிள்ளைகள் வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது.

எனவே முதல் வேலை அந்த 9 லட்சம். அம்மாவை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போய், உங்கள் இருவர் பெயரிலும் 'எய்தர் ஆர் சர்வைவர்' (இருவரில் யாராவது ஒருவர், அல்லது மிஞ்சியிருப்பவர் எடுக்கலாம்) என்று மாற்றுங்கள். முதிர்வுக்கு முன்பே எடுப்பதற்கான ஒப்புதலையும் அப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். நாமினியும் போடுங்கள், 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை போடலாம். நாமினி என்பவர் வங்கியிடம் பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், வாரிசு அல்ல.

அடுத்தது வீடு. உயில் அவர் காலத்துக்குப் பிறகுதான் பேசும். உங்களுக்கு வரப்போகும் சிக்கலோ அவர் இருக்கும்போதே வருவது. நாளைக்குப் பகலும் இரவும் ஆள் வைத்துப் பார்க்கிற நிலை வந்து, வீட்டை விற்றோ அடமானம் வைத்தோ பணம் புரட்ட வேண்டும் என்றால் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அதனால் அவருக்குச் சம்மதம் இருந்தால், வீட்டை உங்கள் பெயருக்கு தானசெட்டில்மென்ட் (பணம் வாங்காமல் இப்போதே எழுதிக் கொடுப்பது) செய்வதே உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் செய்யும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000.

ஆனால் அது அவருடைய வீடு ஐயா. உங்கள் சம்பளத்தில் வாங்கியிருந்தாலும் இத்தனை வருடம் அவர் பெயரில் இருந்தது. பிள்ளைகள் இருவரையும் கூப்பிட்டு, அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், அவர் முன்னாலேயே பேசுங்கள். அவர் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். உயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டை நேராகப் பிள்ளைகளுக்கு எழுதிவிடலாமே என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். வேண்டாம். எழுதியே ஆக வேண்டும் என்றால், பெற்றோர் இருவரையும் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும், ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையும் பத்திரத்திலேயே இருக்கட்டும். அந்த நிபந்தனை மீறப்பட்டால் 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ம் பிரிவின்படி வருவாய் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுத்து ரத்து செய்யலாம்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். அம்மாவின் உயிலைப் பற்றியே யோசிக்கிறீர்கள். நீங்கள் முன்னால் போய்விட்டால்? உயில் இல்லாமல் போனால் உங்கள் சொத்து மனைவி, மகன், மகள் என்று மூன்று பங்காகும். அதற்குள் நோய் முற்றியிருந்தால் அம்மாவின் பங்குக்கு அவரால் கையெழுத்துப் போட முடியாது. பிள்ளைகளாலும் பாகூர் மனையை விற்க முடியாது. அன்பினால் எல்லாவற்றையும் அவர் பெயருக்கே எழுதி வைத்தால் இன்னும் மோசம், அத்தனையும் முடங்கிவிடும். அதோடு, குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான். உங்கள் பென்ஷன் அந்தச் சம்பளத்தில் பாதி என்று வைத்துக்கொண்டால், இன்றைய உங்கள் 35,000 அவருக்கு ஏறக்குறைய 21,000 ஆகும். அதுவே ஆள் சம்பளத்துக்குப் போய்விடும்.

எனவே உங்கள் உயிலிலேயே ஒரு டிரஸ்ட் (ஒருவர் நலனுக்காகச் சொத்தை வேறு சிலர் பொறுப்பில் வைக்கும் ஏற்பாடு) அமையுங்கள். மனை, டெபாசிட், உங்கள் பெயருக்கு வந்திருந்தால் வீடு, எல்லாம் அம்மாவின் ஆயுள் வரை அவர் பராமரிப்புக்கே. மகனும் மகளும் டிரஸ்டிகள். தேவைப்பட்டால் விற்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. மீதி அவர் காலத்துக்குப் பிறகு இருவருக்கும் என்று எழுதலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். உயிலில் பங்கு இல்லாத இரண்டு பேர், உங்களைவிட வயதில் இளையவர்கள், சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் நீங்கள் பதிந்துவிடுங்கள். இந்த டிரஸ்ட் வாசகத்தை மட்டும் பத்திர எழுத்தரிடம் விடாமல், சிவில் வழக்கறிஞரிடம் கொடுங்கள். அம்மாவின் பத்திரங்களுக்குக் கட்டணம் இல்லாமலே சட்ட உதவி கிடைக்கும்; பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. கடலூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள்.

பென்ஷன் புத்தகத்தில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்துகிறதா என்று இப்போதே பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் நீங்கள் இருக்கும்போது திருத்துவது சுலபம்.

வைத்தியம் பற்றியும் அவரிடம் கேட்டு வையுங்கள். இனி பலனில்லை என்ற கட்டத்தில் வென்டிலேட்டர் வேண்டுமா, வேண்டாமா, அவருக்காக யார் முடிவெடுப்பது என்று முன்கூட்டியே எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் அனுமதித்தது. 2023-ல் நடைமுறையையும் எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று இருந்தால் போதும். கேட்பதற்கு மனசு கனக்கும். ஆனால் அவர் வாயால் சொன்ன பதில் கையில் இருந்தால், பின்னாளில் ஐ.சி.யூ. வாசலில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

கடைசியாக, பண்ருட்டியில் இருக்கும் மகள்தான் அடிக்கடி ஓடி வரப்போகிறவர் என்று தோன்றுகிறது. அவருடைய போக்குவரத்து, அவர் விடும் வேலைநாள், எல்லாவற்றுக்கும் டிரஸ்ட் பணத்தில் இருந்து மாதம் ஒரு தொகை என்று உயிலில் எழுதுங்கள். மகனிடம் அதை இப்போதே, நீங்களே சொல்லிவிடுங்கள்.