பொம்பளைப் பிள்ளை கம்பு சுற்றுவது நம்ம வழக்கமா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: மகள் சிலம்பப் போட்டிக்குப் போக ஆசைப்படுகிறாள், சொந்தக்காரர்கள் 'நம்ம வழக்கம் இல்லையே' என்கிறார்கள், என்ன சொல்வது?

வழக்கம் பேசுகிறவர்கள் சேதுபதி மன்னர்கள் ஆண்ட ராமநாதபுரம் சீமைக்காரர்கள் என்பதுதான் வேடிக்கை. 1730-ல் ராமநாதபுரம் அரண்மனையில் பிறந்த வேலுநாச்சியார் சிலம்பமும் வாள்வீச்சும் பழகியவர் என்றுதான் நம் ஊரே சொல்கிறது. அவர் 1780-ல் சிவகங்கையை மீட்டபோது யாரும் வழக்கம் பார்க்கவில்லை. அரச குடும்பத்துக்கு இருந்த வசதி மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு இருந்திருக்காது, அது வேறு கதை.

போட்டி உலகம்தான் தாமதம். ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ 1992-லும் மல்யுத்தம் 2004-லும் குத்துச்சண்டை 2012-லும்தான் பதக்கப் போட்டிகளாயின. அந்த 2012-ல் குத்துச்சண்டையில் ஆண்களுக்கு 10 எடைப் பிரிவு, பெண்களுக்கு வெறும் 3. இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாத கிரேக்க-ரோமன் மல்யுத்தம் ஒலிம்பிக்கில் இன்றும் ஆண்களுக்கு மட்டுமே.

சரி, சிலம்பத்துக்கு வருவோம். ஆசானிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: பெண் பிள்ளைகளுக்கும் தொடுமுறை கற்றுத் தருகிறாரா, இல்லை மேடைக்கு அழகாக இருக்கும் அலங்கார வீச்சோடு நிறுத்திவிடுகிறாரா? எதிராளியைத் தொட்டுப் புள்ளி எடுப்பது தொடுமுறையில்தான். அதில் பழகாதவள் களத்தில் முதல் அடியிலேயே தடுமாறுவாள்.