உயர்தரம் எழுதிய மகனும் லினக்ஸ் ஆவணத் திருத்தமும்

அன்புள்ள அம்மா,

உயர்தரப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மகன், கிளிநொச்சி நகரில் ஒரு கடை வேலைக்காவது போகாமல், லினக்ஸ் இயங்குதளத்தின் வன்பொருள் ஆவணங்களில் பிழை திருத்திக்கொண்டு வீட்டிலிருப்பதாகக் கவலையோடு எழுதியிருந்தீர்கள். அதற்குச் சம்பளம் கிடைக்காது என்பது உண்மை. ஆயினும் இப்போதைக்கு அவனை மறிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதியின், மூலநிரலோடு அதன் ஆவணங்களும் சேர்ந்தே வருகின்றன. கணினியின் வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறி வேகம் ஆகியவற்றை அளக்கும் சில்லுகளுக்கென்று (சிப்களுக்கென்று) அவற்றில் ஒரு பகுதி உண்டு. அங்கே வெப்பநிலை மில்லிபாகை செல்சியசில் தரப்படுவதால், 45000 என்று வருவது 45 பாகையைக் குறிக்கும். ஒரு சில்லின் விளக்கத்தில் அந்த 'மில்லி' விடுபட்டுப்போனால், அதை நம்பி நிரல் எழுதுபவரின் கணக்கு ஆயிரம் மடங்கு பிசகிவிடும். திருத்தம் ஒரு சொல்தான். ஆனால் அதைச் செய்யுமுன் சில்லைத் தயாரித்தவர்களின் தரவுத்தாளையும், அந்தச் சில்லைக் கெர்னல் இயக்க உதவும் டிரைவர் நிரலையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்தப் பழக்கம் பிற்காலத்தில் எந்தப் பொறியியல் வேலைக்கும் உதவும். வெறும் எழுத்துப்பிழைகளைத் தேடித்தேடித் திருத்தி எண்ணிக்கையைக் கூட்டுவதை நான் பெரிதாக மதிப்பதில்லை, நேர்முகத்தேர்வு நடத்துபவர்களும் மதிக்கமாட்டார்கள்.

திருத்தத்தை ஏன் செய்தான் என்ற விளக்கத்தோடு, தன் பெயரிட்ட ஒப்ப வரியையும் சேர்த்து, அலங்காரமற்ற சாதாரண எழுத்து மின்னஞ்சலாக அந்தப் பகுதியின் பொறுப்பாளருக்கு அவன் அனுப்ப வேண்டும். யாருக்கு அனுப்புவது என்று காட்டவும், வடிவம் சரியா என்று சோதிக்கவும் கெர்னலோடு வரும் சிறு நிரல்களே இருக்கின்றன. குறை சொல்லித் திருப்பினால் மனம் சோராமல் திருத்தி, இரண்டாம் பதிப்பு என்று குறித்து மீண்டும் அனுப்புவதே அங்குள்ள வழமை. ஏற்கப்பட்ட திருத்தம் அவன் பெயரோடு எவரும் பார்க்கக்கூடியதாக இருக்கும்; அதே காரணத்தால் அனுப்பிய மின்னஞ்சலைப் பிறகு அழிக்கவும் இயலாது. ஆகவே இதற்கென்று தனி முகவரி ஒன்றை வைத்திருக்கட்டும், தொலைபேசி எண்ணையும் வீட்டு விலாசத்தையும் எழுதாதிருக்கட்டும். டேட்டாச் செலவுதான் உங்கள் கவலையென்றால், மூலநிரலை முழு வரலாற்றோடு இறக்காமல் கடைசி நிலையை மட்டும் இறக்கச் சொல்லுங்கள். பல கிகாபைட் மிச்சமாகும்.

இவையெல்லாம் பட்டத்துக்கோ சான்றிதழுக்கோ ஈடாகமாட்டா. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதுமாக இருந்தால் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தையும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவின் கணினி சார்ந்த பட்டப்படிப்புகளையும் அவனுடைய பாடப்பிரிவுக்கு ஏற்ப விண்ணப்பத்தில் முன்னுக்குப் போடலாம். போதாவிட்டால் தேசிய தொழிற்தகைமைப் படிநிலைகளின் வழியே டிப்ளோமா வரை போக முடியும்.

கடைசியாக அனுப்பிய திருத்தத்துக்குத் தரவுத்தாளின் எந்தப் பக்கத்தைப் பார்த்தான் என்று இன்றைக்கே கேளுங்கள். பக்கத்தைத் திறந்து காட்டினானென்றால், பெறுபேறு வரும்வரை அவனை அவன்பாட்டில் விடுங்கள். வந்ததும் அனுப்பிய திருத்தங்களின் இணைப்புகளோடு அவனையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வாருங்கள்.