அலுமாரியில் பூட்டிய புத்தகம்

கேள்வி: என் மகளுக்குப் பதினைந்து வயது. 'த ஃபோல்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' என்ற ஆங்கில நாவலை இரவிரவாக வாசித்து அழுகிறாள். புற்றுநோய் வந்த இரண்டு பிள்ளைகள் காதலிக்கிற கதையாம். சாதாரண தரப் பரீட்சை வருகிற நேரத்தில் இது தேவையா? புத்தகத்தைப் பறித்து அலுமாரியில் பூட்டிவிட்டேன். என் அக்காவின் வருத்தத்தால் ஏற்கெனவே வீட்டில் நிம்மதி இல்லை. அதைப் பிள்ளைக்குச் சொல்லவும் இல்லை. நான் செய்தது சரிதானே?
ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: சரியில்லை, சகோதரி. இன்றைக்கே அலுமாரியைத் திறந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

காதல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2012இல் வெளிவந்த ஜோன் கிறீனின் அந்த நாவலில் ஹேசலுக்கு 16 வயது, ஒகஸ்டஸுக்கு 17. அவளுக்குத் தைரொயிட்டில் தொடங்கி நுரையீரலுக்குப் பரவிய புற்றுநோய். மூக்கில் ஒக்சிஜன் குழாயோடுதான் எங்கும் போவாள். அவனுக்கு எலும்பில் வந்து ஒரு கால் போய்விட்டது. காதலிக்கிறார்கள், முத்தமும் உண்டு. அந்த முத்தத்தை அம்ஸ்டர்டாமில் யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் நாஸிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த வீட்டில் வைத்து, சுற்றி நிற்பவர்களைக் கைதட்டவும் வைத்தது எனக்குப் பிடிக்கவேயில்லை. மற்றபடி பிள்ளையைக் கெடுக்க அதில் ஒன்றும் கிடையாது.

நோயைக் காட்டிய விதத்துக்காகவே அதை வாசிக்கக் கொடுப்பேன். நம் சினிமாவில் வெள்ளைக் கைக்குட்டையில் ஒரு துளி இரத்தம், பிறகு ஒரு பாட்டு, அதோடு சரி. இங்கே ஒகஸ்டஸ் ஒரு சிகரெட் பெட்டியாவது தானே வாங்க வேண்டும் என்று நடுச்சாமத்தில் தனியாகக் கார் ஓட்டிப் போய், பெற்றோல் நிலையத்தில் வாந்திக்குள் கிடக்கிறான். வயிற்றில் பொருத்திய குழாயில் கிருமி தொற்றியிருக்கிறது. ஹேசலைக் கூப்பிட்டு அழுகிறான். ஜோன் கிறீன் இளவயதில் சிறுவர் வைத்தியசாலையில் ஆன்மிகத் துணையாளராகப் பயிற்சி பெற்றவர். அந்தப் பக்கங்களில் அது தெரிகிறது. ஹேசல் எடுக்கும் மருந்து மட்டும் கற்பனை. அதை மகளுக்கு மறக்காமல் சொல்லுங்கள். பெரியம்மாவுக்கும் வாங்கலாமா என்று அவள் கேட்கக்கூடும்.

ஆம், உங்கள் அக்காவிடம்தான் வருகிறேன். 'வருத்தம்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நம் ஆட்கள் அப்படி எழுதினால் எது என்று விளங்கிவிடும். கொழும்பில் அந்த நோயின் பெயரையே நாம் சொல்வதில்லை, 'மஹரகமவுக்குக் கொண்டு போகினம்' என்போம், புற்றுநோய் வைத்தியசாலை அங்கே இருப்பதால். வீட்டில் ஒரு குமர் இருந்தால் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்ற பயம் வேறு. என்ன பாவம் செய்ததோ, எந்தக் கிரகம் பிடித்ததோ என்று கேட்க நாலு பேர் வருவார்கள். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில், குற்றம் நட்சத்திரங்களில் இல்லை, நம்மிடம்தான் என்று காசியஸ் புரூட்டஸிடம் சொல்வான். 'நம் நட்சத்திரங்களில் உள்ள குற்றம்' என்று பொருள்படும் நாவலின் பெயர் அதை மறுத்து வைத்தது. நோய் வந்த பிள்ளை ஒரு பிழையும் செய்யவில்லை.

கொட்டாஞ்சேனையில் என் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அப்போது பதினேழு வயது. 'இரத்தம் குறைவு, ஊசி போட வேண்டும்' என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். பஸ்ஸின் முன்பலகையில் மஹரகம என்று இருந்தது. "போர்டைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு அக்கா. கேட்டா அம்மா அழுவா எண்டு நான் கேக்கேல்லை" என்று பல வருடம் கழித்து என்னிடம் சொன்னாள். இரண்டு மாதம், தாய் குசினியில் அழ, மகள் தலையணைக்குள் அழுதிருக்கிறாள். இன்று சுகமாக இருக்கிறாள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அந்த இரண்டு மாதத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் மாறிவிடும்.

உங்கள் மகள் யாருக்காக அழுகிறாள் என்று கேட்டுப் பார்த்தீர்களா? வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போன் கதைப்பதும், பெரியம்மா தலையில் துணி கட்டியிருப்பதும் பதினைந்து வயதுப் பிள்ளையின் கண்ணில் படாது என்றா நினைக்கிறீர்கள்?

கொடுப்பதற்கு முன் நீங்களும் வாசியுங்கள். ஹேசல் சாகக் கிடந்த நேரத்தில், இனி நான் தாயாக இருக்க மாட்டேனே என்று அவளுடைய அம்மா அப்பாவிடம் விம்முவது அவள் காதில் விழுந்துவிடுகிறது. அந்த வார்த்தையை வருடக்கணக்காகத் தனியே சுமக்கிறாள். தான் போன பிறகு அம்மா என்ன ஆவாள் என்பதுதான் அவளை அரித்துக்கொண்டிருக்கிற பயம். அம்மாவோ மகளுக்குத் தெரியாமல் சமூகப்பணிப் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருக்கிறாள், இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு உதவ. சொன்னால் பிள்ளை நோகும் என்று மறைத்திருக்கிறாள். கடைசியில் அது தெரியவரும்போது ஹேசலுக்கு அவ்வளவு சந்தோசம். எனக்கு அழுகை வந்தது அந்த இடத்தில்தான்.

புத்தகத்தைக் கொடுக்கும்போதே பக்கத்தில் இருந்து அக்காவுக்கு என்ன வருத்தம் என்பதைப் பெயரோடு சொல்லுங்கள். அடுத்த கிளினிக் எந்தக் கிழமை என்றும் சொல்லுங்கள். தானும் வருகிறேன் என்றால் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு நாள் ரியூசன் தவறினால் பரவாயில்லை.