அறுப்பது எளிது, அடைப்பதில்தான் ஆயுள்

கேள்வி: பனியில் சறுக்கும் பலகையான பழைய ஸ்னோபோர்டு ஒன்று சும்மா கிடக்கிறது. நெடுக்காக அறுத்து ஸ்பிளிட்போர்டு ஆக்கலாமா?

பதில்: ஆக்கலாம். ஏறும்போது இரண்டு பாதியும் இரண்டு ஸ்கீ, அதாவது காலுக்கு ஒன்றாக மாட்டும் சறுக்குப் பட்டைகள். உச்சியில் சேர்த்துப் பூட்டினால் இறங்குவதற்கு ஒரே பலகை. அமெரிக்காவின் யூட்டாவைச் சேர்ந்த வோய்லே நிறுவனம் 1990-களில் கொண்டுவந்த, இதற்கான பாகங்கள் அடங்கிய கிட்டை வாங்கி, பலர் கராஜிலேயே இப்படிச் செய்துகொண்டார்கள். முதலில் பைண்டிங் (பூட்ஸைப் பலகையோடு பிடிக்கும் பாகம்) துளைகளைப் பாருங்கள். 4 செ.மீ. இடைவெளியில் இரு வரிசையாக இருந்தால் ரம்பம் நடுவே தப்பித்துப் போகும். நடுவில் நீளப் பள்ளம் உள்ள பர்ட்டன் நிறுவனத்தின் சேனல் பலகை ஆகாது. ஓரம் பிளந்து தண்ணீர் குடித்த பலகைக்குக் கிட் வாங்குவது வீண் செலவு.

கேள்வி: அறுக்கும்போது எங்கே தவறு நடக்கும்?

பதில்: மூக்கிலும் வாலிலும். பெரும்பாலான பலகைகளில் எஃகு விளிம்பு அங்கேயும் சுற்றி வரும். மரம் அறுக்கும் பிளேடு அதில் பட்டால் பல் போய்விடும். அந்த இரண்டு இடத்தையும் முதலில் ஹாக்ஸா பிளேடால் வெட்டிவிடுங்கள். பிறகு அடிப்பக்கம் மேலே வர, மூக்கும் வாலும் மேசைக்கு வெளியே தொங்க, பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். நடுக்கோட்டின் மேல் மாஸ்கிங் டேப், பக்கத்தில் நேரான சட்டம், நுண்பல் பிளேடு மாட்டிய சர்குலர் ரம்பம். நிறுத்தி நிறுத்தி அறுத்தால் அடித்தகட்டின் பாலிஎத்திலீன் உருகிப் பிளேடில் ஒட்டும். ரம்பம் 2 முதல் 3 மி.மீ. தின்னும், அது பரவாயில்லை. கண்ணாடி இழைத் தூசு நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் இல்லாமல் தொடங்காதீர்கள்.

இனிதான் உண்மையான வேலை. வெட்டுமுகத்தில் மரம் திறந்து கிடக்கிறது. 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, மெதுவாக இறுகும் எபாக்சியை லேசாகச் சூடாக்கித் தடவுங்கள். சூட்டில் இளகி மரத்துக்குள் இறங்கும். மறுநாள் இரண்டாவது பூச்சு. திருகுக்காகப் போடும் ஒவ்வொரு துளையின் உட்சுவருக்கும் இதே வைத்தியம்தான். ஒரு துளையை விட்டாலும் உருகிய பனி உள்ளே போய், இரவில் உறைந்து விரிந்து, அடுக்குகளைப் பிரித்துவிடும்.

கேள்வி: பைண்டிங் தகடு பக்குகளில் (பலகையில் திருகிய தாங்கு வட்டுகளில்) ஏற மறுக்கிறது. ஏன்?

பதில்: இரண்டு பாதிக்கும் தனித்தனியாகத் துளை போட்டிருப்பீர்கள். ஒரு காலுக்கு இரண்டு பக்கு, பாதிக்கு ஒன்று. இரண்டும் ஒரே கோட்டில் நின்றால்தான் தகடு வழுக்கி ஏறும். பாதிகளைச் சேர்த்துக் கிளாம்ப் போட்ட பிறகே துளை இடங்களைக் காட்டும் டெம்ப்ளேட்டை ஒட்டிக் குறியுங்கள். அடியில், திருகைப் பிடிக்கும் டி-நட்டின் தட்டு பதிய அகலத் துளை வேண்டும். அது அடிப்பரப்புக்கு உள்ளே அமர்ந்ததும் மேலே எபாக்சி நிரப்பி வழவழப்பாக்குங்கள். திருகுகளுக்கு நீல நிறத் திரெட்லாக்கர் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) போடுங்கள். இல்லாவிட்டால் நடையிலேயே கழன்றுவிடும்.

கேள்வி: கடினப் பனியில் பக்கவாட்டாக ஏறும்போது வழுக்குகிறதே?

பதில்: வழுக்கத்தான் செய்யும். கடையில் வாங்கும் ஸ்பிளிட்போர்டுக்கு உள்விளிம்பிலும் எஃகு உண்டு, உங்களுடையதற்கு இல்லை. மென்பனிக்கு இது போதும்; உறைந்த காலைப் பனியில் பாதையை மாற்றுங்கள், அல்லது பலகையை முதுகில் மாட்டி நடந்து ஏறுங்கள். ஏறும்போது பின்னால் வழுக்காமலிருக்க அடியில் ஒட்டும் ஸ்கின்னை வெட்டும்போது எஃகு விளிம்பு 2 மி.மீ. வெளியே தெரியும்படி விடுங்கள்.

மென்பனி என்றதும் இதையும் சொல்ல வேண்டும். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் உடைகின்றன. சறுக்கச் சுகமான சாய்வும் அதுவே. டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் சமிக்ஞைக் கருவி), புரோப் (பனியில் குத்தித் தேடும் நீளக் கம்பி), மண்வெட்டி மூன்றும் உங்களிடமும் கூட வருபவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவரை சுமார் 10 நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகச் சரியும். உச்சியில் பாதிகளைச் சேர்க்கும் முன் இடைவெளியிலும் பக்குகளிலும் உள்ள பனியைச் சுரண்டிவிடுங்கள். ஒரு கட்டி இருந்தாலும் கொக்கி முழுதாக மாட்டாது.