கடைமடைக்கு வராத தண்ணீரும், கிணற்றிலிருந்து போகும் குழாயும்

கேள்வி: ஆனைமலைப் பக்கம், சேத்துமடைக் கால்வாயின் கடைமடையில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு உள்ளது. தண்ணீர் திறக்கும்போதெல்லாம் மேல்மடைக்காரர் கிளை வாய்க்காலின் கரையை உடைத்து, மோட்டார் வைத்து எடுத்துவிடுகிறார். கேட்டதற்கு ஊர்த் திருவிழாவில் அவமானப்படுத்தினார். அதிகாரிகள் கண்டுகொள்வதில்லை, கேரளாவுக்கு மட்டும் தவறாமல் போகிறது. வருகிற கொஞ்சத் தண்ணீரைக் கிணற்றில் விட்டு, பின்னால் வாங்கிய மேட்டுக்காடு மூன்று ஏக்கருக்கும் குழாயில் கொண்டுபோய்ச் சமாளிக்கிறோம். மூன்று தலைமுறை அனுபவத்தைக் காட்டி, அவரைத் தடுக்க நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை (தடையாணை) வாங்க முடியுமா?

பதில்: உங்கள் வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது. எந்தெந்தப் புல எண்கள் ஆயக்கட்டுப் பதிவேட்டில் (கால்வாய்ப் பாசனம் பெற உரிமையுள்ள நிலங்களின் பட்டியலில்) உள்ளன, உங்கள் முறைத் தண்ணீர் அந்த எண்களுக்குள்ளேயே நிற்கிறதா என்பதுதான் அது. திருவிழாவில் நடந்ததற்கு இதில் இடமில்லை. கேரளாவுக்கு மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) தருவது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி தமிழகத்தின் கடமை. அதைப் பற்றி வழக்குரையில் ஒரு வரி எழுதினாலும், இது மாநிலங்களுக்கிடையேயான நதிநீர்ப் பிரச்சினை, சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று அரசு வழக்கறிஞர் வாதிட நீங்களே வழி திறந்துவிடுவீர்கள்.

மூன்று தலைமுறை அனுபவமும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு உதவாது. பொதுச் செலவில் கட்டிய பாசன அமைப்புகளின் நீரைப் பகிர்ந்தளிக்கும் அரசின் உரிமையை, 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் (பிறர் நிலத்தின் மீதான வழி, நீர் போன்ற உரிமைகளுக்கான சட்டம்) 2ஆம் பிரிவு அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. கிளை வாய்க்கால் மேல்மடைக்காரருடைய பட்டா நிலத்தில் ஓடினால், அதன் வழியே நீர் கொண்டுவரும் உரிமையை அவருக்கு எதிராகக் கோரலாம். ஆனால் தடை ஏற்பட்டு இரண்டு ஆண்டு கடந்துவிட்டால் அந்த வாதமும் கைவிட்டுப் போகும். வாய்க்கால் யார் நிலத்தில் ஓடுகிறது என்று புலப்படத்தை இந்த வாரமே பாருங்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது, நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன அந்தக் குழாய். இப்படிப்பட்ட வழக்குகளில் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் எதிராளியின் திருட்டை நிரூபிக்க முடியாமல் தோற்பதில்லை. தங்கள் நிலத்தில் இருப்பதை மறந்துவிட்டு வழக்குப் போடுவதால்தான் தோற்கிறார்கள். நீங்கள் கேட்டதன்பேரில் இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர், சர்வேயருடன் மதகிலிருந்து உங்கள் தோப்பு வரை நடந்தே வருவார். உடைந்த கரையை எழுதுகிற அதே கையால், ஆயக்கட்டில் இல்லாத மேட்டுக்காட்டுக்குப் போகும் உங்கள் குழாயையும் எழுதுவார். அதன் பிறகு, குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 41(i) பிரிவைப் படித்துக்காட்ட எதிர்த்தரப்புக்கு அதிக நேரம் ஆகாது: நீதிமன்ற உதவிக்குத் தகுதியற்ற நடத்தை உடையவருக்கு உறுத்துக்கட்டளை கிடையாது. வழக்கு தள்ளுபடியாவதோடு முடிந்தால் அது உங்கள் நல்ல காலம். ஆணையரின் அறிக்கை நீர்வளத் துறையின் கைக்குப் போய், புகார் கொடுத்தவருடைய கிணற்று மின் இணைப்பே துண்டிப்பில் போய் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பள்ளம், இழப்புக் கணக்கு. மதகில் திறந்த அளவு முழுதும் கடைமடைக்கு வந்து சேரும் என்று சட்டம் எங்கும் உறுதி கொடுக்கவில்லை. கசிவும் ஆவியாதலும் எந்த வாய்க்காலிலும் உண்டு. உங்கள் குறைவு முழுவதையும் துறை அந்தக் கணக்கில்தான் எழுதும். ஆகவே கசிவு எவ்வளவு, களவு எவ்வளவு என்று பிரித்துக்காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. ஒரே நாளில், ஒரே நேரத்தில் மதகிலும், அவருடைய தோப்புக்கு மேலும் கீழும், உங்கள் வாய்மடையிலும் எடுத்த நீர் அளவு இல்லாமல் வாய்மொழிச் சாட்சியை மட்டும் நம்பி வராதீர்கள். கோபத்தில் இரவில் போய் அவருடைய மோட்டாரையோ மதகையோ தொடவும் வேண்டாம். விவசாய நீரைக் குறைக்கும் சேதத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 326ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. அந்தப் பிரிவு கடைமடைக்காரர் என்று பார்த்து இரங்காது.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசமாகப் போங்கள். முதலில் குழாயை நீங்களே கழற்றிவிடுங்கள். பிறகு அளவுகளை எடுத்துக்கொண்டு பாசன சங்கத்துக்குப் போய், உடைந்த கரைக்கு கான்கிரீட், மதகுக்குப் பூட்டு, இருவருக்கும் எழுதப்பட்ட முறை நேரம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். முடிவு சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் இருவர் கையெழுத்தோடும் ஏற வேண்டும்; உதவிப் பொறியாளருக்கு ஒரு பிரதி போக வேண்டும். மேல்மடைக்காரர் மறுத்தால், அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். அரசையும் சேர்த்து வழக்குப் போட இரண்டு மாத அறிவிப்பு தேவை. அவசரம் என்று விலக்குக் கேட்கலாம், கிடைக்கும் என்று எண்ணியிருக்க வேண்டாம். முறைவைத்துத் தண்ணீர் விடும் உங்கள் பாசன மண்டலத்தின் அடுத்த திறப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே இதைத் தொடங்கிவிடுங்கள்.