கடைசி இரண்டு வேலிகள்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. 100 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் (வேலிகளைத் தாண்டி ஓடும் போட்டி) வலய மட்டத்தில் முதலாவதாக வந்தவள். இந்த முறை 400 மீற்றர் சட்டவேலியும் ஓடச் சொல்கிறார் விளையாட்டுச் சேர். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பியோ, "இங்க ஹைஸ்கூல் பிள்ளைகள் 300 மீற்றர்தான் ஓடுதுகள். 400 பெரியாக்கள்ர ஓட்டம், பிள்ளையைக் கெடுத்துப் போடாதீங்க அக்கா" என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு தாய், கல்லடி

பதில்: அன்புச் சகோதரிக்கு, தம்பி சொல்வது உண்மைதான். அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் 300 மீற்றர், 8 வேலிகள். ஆனால் அதே நாட்டுப் பிள்ளை சிட்னி மெக்லாக்லின், பள்ளியில் படிக்கும்போதே, 17 வயதில் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 400 மீற்றர் சட்டவேலி ஓடி அரையிறுதி வரை போனார். நம் இலங்கைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் கிடைத்ததும் இதே ஓட்டத்தில்தான்: 1948 லண்டனில் டங்கன் வைட், 51.8 செக்கன், வெள்ளி. மகள் ஓடட்டும். ஆனால் பழகிவிட்டு ஓடட்டும்.

300, 400 இரண்டு ஓட்டத்திலும் முதல் வேலி 45 மீற்றரில், பிறகு 35 மீற்றருக்கு ஒன்று. பெண்களுக்கு உயரமும் ஒன்றேதான், 76.2 சென்ரிமீற்றர். 300 இல் எட்டாவது வேலியைத் தாண்டினால் 10 மீற்றரில் முடிவுக்கோடு வந்துவிடும். 400 இல் இன்னும் இரண்டு வேலி, அப்புறம் 40 மீற்றர். பிள்ளைகள் தடுமாறுவது அந்த இரண்டில்தான்.

நானும் அங்கேதான் விழுந்தேன். ஒரு மாகாணப் போட்டி. எட்டாவது வரை வலது காலை முன்னே போட்டு, காலடி எண்ணிக்கை பிசகாமல் வந்தேன். களைப்பில் அடி சுருங்க, ஒன்பதாவது வேலிக்கு முன்னால் இடது கால் வந்து நின்றது. அந்தக் காலால் தாண்ட என்னை யாரும் பழக்கியிருக்கவில்லை. சட்டம் பட்ட தழும்பு முழங்காலுக்குக் கீழே இன்னும் இருக்கிறது.

அதனால் சேரிடம் முதலில் கேட்க வேண்டியது, இரண்டு காலாலும் தாண்டப் பழக்குகிறாரா என்பதைத்தான். வேலிக்கு வேலி 17 காலடி வைக்கும் பிள்ளைக்கு ஒரே கால்தான் முன்னால் வரும். களைத்து 18 ஆனால் மற்றக் கால் வந்துவிடும். வளைவில் இடது காலை முன்னே போடுவது வசதி. 300 இல் ஒரு வளைவுதான், 400 இல் இரண்டு.

முதலில் 8 வேலி வைத்து 300 ஓடவிட்டுப் பாருங்கள். ஆறாவது வேலிக்கு முன்பே அடி குறுகினால் இந்த வருடம் வேண்டாம். குறுகாவிட்டால் சரி, ஓடட்டும். பயிற்சியில் 5, 6 வேலி போதும். பத்தையும் போட்டியில் தாண்டட்டும், அதுவும் வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள்.

வேலியின் பாதங்கள் ஓடி வரும் பிள்ளையின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் கால் பட்டால் வேலி முன்பக்கம் சாயும். திருப்பி வைத்த வேலி சாயாது, பிள்ளைதான் விழும். நிலத்தில் கம்பு நட்டுக் கட்டிய வேலியில் ஓடவே விடாதீர்கள்.

போட்டியன்று நீங்கள் எட்டாவது வேலிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஒன்பதாவதுக்கு எத்தனை அடி வைத்தாள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.